குசினிப் பக்கத்து ஒன்ஸ்மோர்

உங்கள் தகரப் பெட்டிக்குள், மடித்து வைத்த இரண்டு சேலைகளுக்கு நடுவில், லேபிள் ஒட்டாத இசைத்தட்டு ஒன்று இருந்திருக்கிறது. இது உறுதியான செய்தி. சொன்னவர், இரத்தினபுரிக் கடைவீதியில் துணியும் கிராமபோனும் விற்ற காசிம் நானாவின் மகன். செவ்வாய்க்கிழமைத் தபாலில் அவருடைய கடிதம் வந்தது. புதன்கிழமை அவரே தட்டையும் தம் தகப்பனாரின் பழைய கிராமபோனையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். தட்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டுக் கோடுகள் இருக்கின்றன. மறுபக்கம் வெறுமை. நடுவில், லேபிள் இருக்க வேண்டிய இடத்தில், ஆணியால் கீறியது போல ஓர் எண். பாடியவர் பெயர் இல்லை. எந்தப் பாஷை என்பதும் இல்லை.

விற்பனைக்கு வரும் தட்டு இப்படி வராது. பாடியவர் கேட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனி முன்கூட்டி அனுப்பும் மாதிரித் தட்டுத்தான் லேபிள் இல்லாமல் வரும். ஆகவே அது உங்களுக்கென்று வந்தது. இதுவரை சொல்லலாம். அதில் நீங்கள் தமிழில் பாடியிருக்கிறீர்களா, இங்கிலீசில் பாடியிருக்கிறீர்களா என்பதை இன்னும் சொல்ல முடியாது. நானாவின் கிராமபோனில் ஸ்பிரிங் அறுந்து கிடக்கிறது. வேறு கிராமபோன் கிடைக்காமல் இல்லை. பக்கத்து வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. அதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நானாவின் கிராமபோன் மூடியைத் திறந்தேன். பச்சை வெல்வெட்டிலிருந்து பூஞ்சை வாசனை வந்தது. இரத்தினபுரியில் மழை மாதங்களில் துணிக்கும் காகிதத்துக்கும் தலையணைக்கும் இருக்கிற அதே வாசனை. தட்டுச் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு; அதைச் சுற்றிப் பித்தளை வளையம். வளையத்தில் இரண்டு அடையாளங்கள். ஒன்று, தட்டுகள் ஓட வேண்டிய சரியான வேகத்துக்கு நானா அரத்தால் போட்ட கீறல். மற்றது கறுத்துக் காய்ந்துபோன ஒரு புள்ளி. அது உங்கள் நெற்றிச் சாந்து.

நீங்கள் நாடகக் கம்பெனியோடு இந்தியாவிலிருந்து வந்தவர். கம்பெனி கண்டியில் கலைந்தது. எல்லாரும் ஊர் திரும்ப, நீங்கள் இரத்தினபுரிக்கு ரயிலேறினீர்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க எல்லாம் கப்பலுக்குப் போனாங்க. நான் வண்டி மாறிட்டேன்" என்றீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது நான் இரத்தினபுரியிலிருந்து இந்தப் பத்திரிகைக்கு மழை, மண்சரிவு, இரத்தினக் கல் அகழ்கிற குழிகள், தேயிலை ரப்பர்த் தோட்டச் சங்கதிகள் என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் நானாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தீர்கள். உங்கள் தமிழ்த் தட்டுகள் இரண்டு ஏற்கெனவே வெளிவந்திருந்தன. பெல்மதுளையிலிருந்து தெரணியகலை வரை, கிராமபோன் வைத்திருந்த கங்காணி வீடுகளில் அந்த இரண்டும் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். பாட்டு முடிந்ததும் ஆண்களும் பெண்களும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். நாடகக் கொட்டகை வழக்கம் அது. கடல் தாண்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் வந்திருந்தது. மறுபடி பாடாமல் விடமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசு அதுதான். அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் இங்கிலீசுக்காரர்கள் அல்ல.

இங்கிலீசுப் பாட்டு ஆசை எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அன்று நானும் அங்கே இருந்தேன். ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் திருவிழா. தோட்டத்துரை வந்தார். நாற்காலி போட்டார்கள், மாலை போட்டார்கள். உங்கள் முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எழுந்து, அவர் போகிற பக்கமாகத் திரும்பி நின்றது. வளைவில் அவருடைய மோட்டார் மறையும்வரை நீங்கள் இருநூறு முதுகுகளைப் பார்த்துப் பாடினீர்கள். துரை தவறு எதுவும் செய்யவில்லை. மாலை விழுந்ததும் போய்விடுவதுதான் வழக்கம். எழுந்து நிற்பதும் வழக்கம். எனக்கு அதில் எழுத ஒன்றுமில்லை.

உங்களுக்கு இருந்தது. திரும்பி வரும்போது லொறியில் சொன்னீர்கள்: "அந்த மனுசன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் பாடி முடிக்கிற மட்டும் உக்காரணும். முடிஞ்சதும் அவரு வாயால ஒன்ஸ்மோர் சொல்லணும்."

"தமிழ்ப் பாட்டுக்கா?"

"அவருக்குப் பழக்கமான பாட்டுக்குத்தான். என்னங்க பத்திரிகைக்காரரே, தோசை திங்காதவனுக்கு தோசையா சுடுவாங்க?"

பழக்கமான பாட்டு நானாவின் கடையிலேயே இருந்தது. பங்களாக்களுக்காக அவர் இங்கிலீசுத் தட்டுகளும் வரவழைப்பார். அந்த வருடம் துரைமார் வீடுகளில் எல்லாம் ஒரே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது; அதில் ஒரு தட்டு, உறை பிரிக்காமல், கடையில் எஞ்சியிருந்தது. அதை நீங்கள் கேட்டது எந்த வேகத்தில் என்பதுதான் விஷயம்.

அதற்குச் சில வாரம் முன்பு உங்கள் சொந்தத் தட்டை நானா முதன்முறையாக உங்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பாதிவரை கேட்டீர்கள்.

"இது யாரு, கோழியக் கூடையில போட்டு அமுக்கினாப்புல?"

"நீங்கதான் பாட்டுக்காரம்மா. வேற ஆரு?"

"நானா, உங்க பொட்டி பொய் சொல்லுது."

"என்ட பெட்டி பொய் சொல்லாது. கடைக்கு வாற எல்லாரும் நல்லா ஈக்கிதுன்னுதான் சொல்ற."

நீங்கள் விடவில்லை. நானா திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "இன்னும். இன்னும். ஆ, நில்லுங்க. இதான் நான்." நெற்றியிலிருந்த சாந்தை விரலால் தொட்டு வளையத்தில் வைத்தீர்கள். "இனிமே இங்கதான் நிக்கணும்." நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "வாங்க வாற ஆக்கள் ஆம்புளப் பாட்டுன்னு நெனச்சிக்குவாங்க, ரப்பே!"

பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். மனிதன் தன் குரலைக் காதால் மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறான். ஆகவே தன் குரல் தனக்கு எப்போதும் கனமாகவே இருக்கும். வெளியே நின்று கேட்டால் அது மெலிந்துபோய், யாரோ போலத் தெரியும். உங்கள் காதில் பிழையில்லை. தட்டிலும் பிழையில்லை.

ஆனால் இங்கிலீசுப் பாட்டையும் அந்தச் சாந்திலேயே வைத்துக் கேட்டீர்கள். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு, சாந்தில் வைத்தால் அறுபதுதான் சுற்றும். இதை நான் பின்னால் தட்டுக்கு அடியில் காகிதத் துண்டு செருகிக் கைக்கடிகாரம் வைத்து எண்ணினேன். அன்று கேட்டபோது எங்கள் மூவருக்கும் அது ஓர் ஆண், கனத்த குரலில், அவசரமில்லாமல், மனம் விட்டுப்போய்ப் பாடுவதாகத்தான் தோன்றியது. பின்னால் வாசித்த பாண்டு வாத்தியம் ஈரத்துணி போலத் தொங்கியது.

நான் பொருள் சொன்னேன். வண்டி இன்னும் வரவில்லை. நான் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நீ வராவிட்டால் வேறொருவரோடு ஆடிவிடுவேன்.

"புதுச் செருப்பப் போட்டுக்கிட்டு வராத வண்டிக்கு நிக்கிறானா? பாவி மனுசன்" என்றீர்கள். நாடகத்தில் மயானக் காட்சிக்கு வைத்திருந்த குரலை அதற்கு எடுத்தீர்கள். இங்கிலீசு அடிகளை நான் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் ஆர்மோனியத்தோடு பயிற்சி செய்தீர்கள். உச்சரிப்பில் நான் திருத்தியவை பதினொரு இடம்.

தட்டின் லேபிளையும் அன்று நான் படித்தேன். பாடியவர் பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று இருந்தது. குரல் ஆண்குரல். லேபிள் மாறி ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்படியும் நடப்பதுண்டு.

அந்த நாட்களில்தான் தட்டுக் கம்பெனியின் கொழும்பு ஏஜண்டு கடைக்கு வந்தார். மூன்று மாதத்துக்கொரு முறை வருகிறவர். எதையும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிறவர். இங்கிலீசில் ஒரு தட்டுப் போட வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்கள்.

"அம்மா, தமிழ் ஆக்கள் இங்கிலீசுத் தட்டு வாங்க மாட்டாங்க. துரைமார் உங்கட தட்டு வாங்க மாட்டாங்க. பிறகு ஆருக்கு விக்கிறது?"

"துரைமாருங்க ஒன்ஸ்மோர் கேட்டா?"

அவர் சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்தார். "துரைமார் ஒரு தரம் திருப்பிப் பாடச் சொல்லட்டும். அதை நான் என்ட காதால கேட்டால், அடுத்த பதிவில உங்களுக்கு ஒரு இங்கிலீசுப் பாட்டு. கம்பெனிக்கு நானே எழுதுறன்."

எழுதியதைப் படித்தும் காட்டினார். அன்று முதல் உங்களுக்கு வேறு பேச்சு இல்லை. சாப்பாட்டுக்கு நடுவிலும் வண்டி வராத பாட்டுத்தான். ஓப்பநாயக்கப் பாதையிலிருந்த துரைமார் கிளப்பின் காரியதரிசி நானாவிடம் துணி வாங்குகிறவர். நானா போய் நின்று, டென்னிஸ் பந்தயம் முடிந்து தேநீர் குடிக்கிற சனிக்கிழமை மாலையில் உங்களுக்கு இரண்டு பாட்டுக்கு இடம் வாங்கி வந்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பு நான் அதே பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். பாதையில் மண் சரிந்திருந்தது. துரையிடம் விவரம் கேட்க வேண்டும். பங்களாவின் பின் விறாந்தையில் காத்திருந்தேன். உள்ளே கிராமபோன் பாடியது. ஓர் இளம்பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவது போல, குதித்துக் குதித்துப் பாடினாள். மூன்றாவது அடியில்தான் எனக்கு உறைத்தது. அதே வண்டி. அதே புதுச் செருப்பு.

பங்களாவில் சமையல் பார்க்கிற அப்பு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இது என்ன பாட்டு?" என்றேன்.

"அத ஏன் கேக்குறீங்க. எங்க தொரைசாணி நாளும் பொழுதும் இந்தப் பிளேட்டத்தான் வைக்குது. இதுக்கு ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு ஆடுவாங்க. மேசையெல்லாம் நான்தான் ஒதுக்கி வைக்கணும்."

பாடியது ஒரு பெண், அதுவும் குதித்துப் பாடும் பாட்டு என்பதற்கு இரண்டு ஆதாரம் கையில் இருந்தது. ஒன்று லேபிள், ஒன்று இந்தப் பங்களா. பத்திரிகைக்காரனுக்கு இரண்டு போதும். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே ஆதாரமாகவே எண்ணினேன். இந்தப் பங்களாப் பெட்டி வேகமாக ஓடுகிறதாகவும் இருக்கலாம், உறுதியில்லாததைச் சொல்லி உங்களைக் குழப்பக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுதும்போது அது பொய் என்று தெரிகிறது. நீங்கள் பாடிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் அந்தப் பெண்ணைப் போலக் குதித்துப் பாடப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன். நாலு நாளும் உங்களைப் பார்த்தேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை மழை. கிளப்பின் தகரக் கூரையில் அது விட்டு விட்டுப் பெய்தது. காரியதரிசி துரை உங்களைப் படியிலேயே பார்த்தார். தோட்டத்தில் ஆள்களிடம் பேசிப் பழகிய தமிழில் பேசினார்.

"நீ பாட்டுக்காரியா? அங்க நில்லு. ரெண்டு பாட்டு பாடு. அப்புறம் போ."

"சரிங்க தொரை" என்றீர்கள். நீங்கள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் மண்டபத்துக்குள் போகக்கூடாது. நானும் நானாவும் பின்னால், சமையல் நடக்கிற குசினிப் பக்கத்துக் கதவருகில், அப்புமார், டிரைவர்மார் நடுவில் நின்றோம். ஏஜண்டுக்கு மட்டும், கோட்டுப் போட்டிருந்ததால், உள்ளே மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. மண்டபத்தில் ஏறக்குறைய முப்பது பேர். டென்னிஸ் உடுப்பு, தேநீர்க் கோப்பைகள். விளக்கு உங்கள் முகத்துக்கு நேரே இருந்தது. எதிரே இருந்தவர்களை நீங்கள் சரியாகப் பார்த்திருக்க முடியாது.

முதல் பாட்டு தமிழ். பேசிக்கொண்டே கேட்டார்கள். இரண்டாவது பாட்டின் முதல் அடி வந்ததும் பேச்சு நின்றது. ஒரு துரையும் ஒரு பெண்ணும், பாட்டைத் தெரிந்துகொண்ட சந்தோஷத்தில், ஆட எழுந்தார்கள். இரண்டு எட்டு வைத்தார்கள். மூன்றாவது எட்டுக்குத் தாளம் வரவில்லை. தூக்கிய கால் காத்து நின்றது. சிரிப்பு எழுந்தது. ஓர் இளம் துரை உங்களை அவசரப்படுத்துவதற்காகக் கரண்டியால் மேசையில் வேகமாகத் தட்டினார். நீங்கள் அவர் பக்கம் ஒருமுறை பார்த்தீர்கள். உங்கள் காலப்பிரமாணத்தை விடவில்லை. "அந்தக் கரண்டிக்காரருக்குத் தாளமே நிக்கல, பாவம்" என்று மறுநாள் சொன்னீர்கள்.

இரண்டாம் சரணத்தில் கரண்டி நின்றது. ஆட எழுந்த இருவரும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நான் குறித்துக்கொண்டது இவ்வளவுதான்: மழை விட்டிருந்தது, யாரும் கோப்பையை எடுக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. வண்டி வராது என்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. கடைசி வரியை நீங்கள் பாடவில்லை, சொன்னீர்கள்.

கைதட்டினார்கள். மரியாதையான, அளவான கைதட்டல். அது அடங்கப் போகும் நேரத்தில்தான் சத்தம் வந்தது.

"ஒன்ஸ்மோர்!"

என் தோளுக்குப் பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பங்களா அப்பு. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆனால் பக்கத்திலிருந்த டிரைவர் அதற்குள் இரண்டாவது தடவை கத்திவிட்டார். காரியதரிசி துரை கழுத்தைத் திருப்பிக் குசினிக் கதவைப் பார்த்தார். இரண்டு மூன்று நொடி. பிறகு கரண்டிக்காரத் துரை சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்; இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நீங்கள் மறுபடி பாடினீர்கள். அந்த முறையும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பாடி முடிந்ததும் காரியதரிசி உங்களிடம் வந்தார். "நல்லா இருக்கு" என்றார். "ஆனா அது எங்க பாட்டு இல்ல."

"அப்ப யாரு பாட்டுங்க, தொரை?"

அவருடைய தமிழில் கொழுந்துக்கும் மழைக்கும் காலையில் ஆள்களின் பெயர் கூப்பிடுவதற்கும் சொல் இருந்தது. இதற்கு இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இனி எழுதுவது நீங்கள் உயிரோடிருக்கையில் நான் சொல்லாதது.

நீங்கள் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏஜண்டு விறாந்தைக்கு வந்தார். நோட்டு கையில் திறந்திருந்தது. "நீங்க பின்னால நிண்டனீங்கதானே? முதல் குரல் எந்தப் பக்கம் இருந்து வந்தது?"

"குசினிப் பக்கம்" என்றேன்.

"துரைமார் ஒருத்தரும் முதலில சொல்லேல்லயா?"

"பிறகு சொன்னார்கள். சிரித்துக்கொண்டு."

"ம்" என்றார். ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் காதால் கேட்டிருந்தார்; பக்கம் மட்டும் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், அவர் எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் சொன்னது உண்மை. உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்த உண்மையை நாலு நாள் விழுங்கி வைத்திருந்தவன், அவர் கேட்டதும் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

புறப்படும்போது அந்த அப்புவைக் கண்டேன். "நாளும் கேக்குற பாட்டுதானே? இன்னைக்கு என்ன வந்தது உங்களுக்கு?"

"தெரியலீங்க. இன்னைக்குத்தான் அது என்னா சொல்லுதுன்னு வெளங்கிச்சு."

"இங்கிலீசு விளங்குமா?"

"வெளங்காதுங்க" என்றார். "ஆனா வெளங்கிச்சு. எங்க தொரைகிட்ட சொல்லிப்புடாதீங்க."

மறுநாள் காலை ஓப்பநாயக்கவிலிருந்து புறப்பட்ட சின்ன ரயிலில் நாம் மூவரும் வந்தோம். லேபிளையும் பங்களாவையும் பற்றி அங்கேதான் சொன்னேன். நானா என்னை முறைத்தார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது பொம்பளையா?"

"ஆமாம்."

"சந்தோசமாவா பாடுறா?"

"ஆமாம்."

ஆர்மோனியக் கட்டை இன்னும் இறுக்கிக் கட்டினீர்கள். பிறகு, "அந்தப் பொண்ணு அவசரத்துல பாடிப்புட்டா. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றீர்கள். நானா சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று கேட்டீர்கள்: "வெளிச்சத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. ஒன்ஸ்மோர் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"பின்பக்கம்."

"நெனச்சேன். லயத்துல கேட்ட குரலு."

ஏஜண்டு கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது.

கடைக்கு வந்ததும் நானா திருகைத் தமது கீறலுக்குக் கொண்டுபோனார். அந்தத் தட்டை அதன் வேகத்தில் நின்றபடி முழுதும் கேட்டீர்கள். பிறகு உங்கள் தட்டையும் போடச் சொல்லிக் கேட்டீர்கள். "நானா, பழைய எடத்துக்கே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

ஏஜண்டிடமிருந்து கடிதம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தபோது நீங்கள் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பத்திரிகைக்கு அனுப்பிய செய்தி நாலு வரி. தமிழ்ப் பாடகி ஒருவர் துரைமார் கிளப்பில் பாடினார், சபையோர் கேட்டனர். பிழையில்லாத நாலு வரி.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் கொழும்புக்குப் பதிவுக்கு வந்தீர்கள். அப்போது நானும் கொழும்பு அலுவலகத்துக்கு மாறி வந்திருந்தேன். மங்குஸ்தான் பழம் ஒரு கூடை கொண்டுவந்தீர்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "பாடிட்டு வாறேன்" என்றீர்கள்.

"எத்தனை பாட்டு?"

"அவங்க கேட்டது நாலு. கேக்காதது ஒண்ணு."

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வெளிவந்தவை இரண்டு தட்டு, நாலு பக்கம், நாலும் தமிழ். ஐந்தாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் தொழில். உங்களிடம் கேட்க வேண்டியதைத்தான் எப்போதும் பிந்திப்போட்டேன்.

அதன் பிறகும் தோட்டங்களில் பாடினீர்கள். கலவானப் பக்கத்தில் ஒரு திருவிழாவில் பாடிவிட்டுக் காய்ச்சலோடு வந்ததாக நானாவின் மகன் எழுதியிருந்தார். காய்ச்சலின் ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. நானா அதற்கு முந்திய வருடமே மௌத்தாகிவிட்டார். உங்கள் பெட்டியைத் திறக்க உரிமையுள்ளவர் யாரும் வரவில்லை. எட்டு மாதம் பொறுத்துவிட்டுத்தான் மகன் திறந்திருக்கிறார்.

கையில் இருப்பதைத் திரும்பச் சொல்கிறேன். தட்டு உங்களுடையது: இது உறுதி. ஒரே பக்கம் பாட்டு உள்ளது: பார்த்தேன். அது நீங்கள் சொன்ன ஐந்தாவது பாட்டு: அனுமானம். அது வண்டி வராத பாட்டு: என் விருப்பம், செய்தி அல்ல. ஏஜண்டு ஓய்வுபெற்றுப் பருத்தித்துறையில் இருக்கிறார். தட்டில் உள்ள எண்ணைக் குறித்துப் புதன்கிழமையே அவருக்கு எழுதினேன். கிளப் விறாந்தையில் நான் சொன்ன பதிலையும் நினைவூட்டியிருக்கிறேன். பதில் அடுத்த வாரத்துக்குள் வரலாம். நான் சொன்னதையும் மீறி அவர்தான் அந்தப் பதிவு மெழுகுத் தட்டில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தாரா, அல்லது பதிவுக்காரரை நீங்களே மடக்கினீர்களா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

இத்தனை வருடமாக ஒரு பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாராவது எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். அலுவலகத்தில் இளையவர்கள் இதை அனுபவம் என்று நினைக்கிறார்கள்.

கிராமபோன் புறக்கோட்டையில் ஒரு கடிகாரக் கடையில் இருக்கிறது. ஸ்பிரிங் மாற்றி, சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வளையத்தைத் துடைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெட்டியில் சாந்து இல்லை. அதனால்தான் அதில் போடவில்லை. நானாவின் மகனும் வருவார். முதலில் திருகை உங்கள் சாந்தில் வைத்து, நீங்கள் உங்களைக் கேட்டபடி கேட்போம். அது எந்தப் பாஷையானாலும் சரி, தட்டு முடிந்ததும் சொல்ல வேண்டிய ஒரு சொல் என்னிடம் இருக்கிறது. அன்று கிளப்பில், கையில் பென்சில் இருந்ததால் சொல்லாமல் நின்றேன். அதைச் சொல்லிவிட்டு, நானாவின் கீறலில் இரண்டாம் முறை வைப்போம். என் அறைக்குக் குசினிப் பக்கம் என்று ஒன்று இல்லை, ஒரே கதவுதான்.